மாவட்டத்துக்கு வரும் இளம் உளவியலாளரைப் பழக்குவது எப்படி: ராமநாதபுரத்திலிருந்து சில குறிப்புகள்

சென்னையில் எம்.ஃபில். முடித்துவிட்டு எங்கள் பக்கம் வேலைக்கு வந்த ஒரு பெண், மூன்றாவது நாள் ஓ.பி.யில் ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "போன வருசம் மருந்து குடிச்சேன் தாயி" என்றார் அந்த அம்மா. இவள் தாளில் 'கடந்த ஆண்டு மருந்து எடுத்துள்ளார்' என்று எழுதிவிட்டு, "எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

கமுதி, முதுகுளத்தூர் பக்கம் ஒருவர் 'மருந்து குடித்தேன்' என்றால் பூச்சிமருந்து குடித்தேன் என்று அர்த்தம். அந்தப் பெண் படிப்பில் கெட்டிக்காரி. இந்த ஒரு சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பேச்சை அதே இடத்திலிருந்து எடுக்க முடிந்தது. நான் இல்லாமல் போயிருந்தால் அந்த அம்மா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்.

இந்த மாவட்டத்தில் 22 வருடமாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களைக் கூட வைத்துப் பழக்குவது என் வேலையில் பாதி ஆகிவிட்டது. வந்தவர்களில் சிலர் ஒரு வருடம் முடிவதற்குள் கிளம்பிப் போயிருக்கிறார்கள். பாடம் தெரியாததால் போனவர் யாரும் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் போனார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு மாவட்டத் தலைநகரிலோ அதைவிடச் சின்ன ஊரிலோ ஓர் இளம் உளவியலாளருக்கு மூத்தவராக இருக்க நேர்ந்த மனநல மருத்துவர், மூத்த உளவியலாளர், தொண்டு நிறுவனப் பொறுப்பாளர் ஆகியோருக்கான குறிப்புகள் இவை.

தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், கர்நாடகத்தின் பெல்லாரியில் நடத்திப் பார்த்த முறையை வைத்து 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. நோயாளி நகரத்துக்கு அலைய வேண்டாம், குழு ஊருக்குப் போகட்டும் என்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம், எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று குழு ஓடிக்கொண்டே இருக்கும்போது, அதில் இளையவர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. அந்த நேரத்தை நாம்தான் பிடுங்கி எடுத்து வைக்க வேண்டும்.

வருவதற்கு முன்னால்

வீட்டில் தொடங்குங்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கும் தனி ஆளாக வரும் பையனுக்கும் சின்ன ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம். "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வி பெரும்பாலும் வீட்டுக்காரர் வாயிலிருந்துதான் முதலில் வரும். அதற்குப் பதில் சொல்ல அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். என்னோடு வேலை பார்க்க வந்த ஒரு தம்பிக்குச் சாதி கேட்டு மூன்று வீடு மறுத்தார்கள். நாலாவது வீட்டை எங்கள் நர்ஸம்மா தன் பெயரைச் சொல்லிப் பேசி வாங்கிக் கொடுத்தார். அந்த மூன்று வாசலையும் மனதில் சுமந்துகொண்டுதான் அவன் மறுநாள் ஓ.பி.யில் உட்கார்ந்து மற்றவர்களின் துக்கத்தைக் கேட்டான். இதை அவனிடம் வாய்விட்டுப் பேசியது, நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்த எந்தச் சிகிச்சை முறையைவிடவும் அவனுக்கு உதவியது என்று நினைக்கிறேன்.

அடுத்தது அறை. கதவு உள்ள அறை. பி.பி. பார்க்கிற வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு 'கவுன்சிலிங்' என்று எழுதி வைத்தால் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தாலுகா மருத்துவமனைகளில் இடம் கிடைக்காது என்பார்கள். நான் மருந்துக் கிடங்கின் ஒரு மூலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன், ஊசி போடும் அறையை மதியம் இரண்டு மணிக்கு மேல் வாங்கியிருக்கிறேன். கேட்க வேண்டியவர் மூத்தவர். நேற்று வந்தவர் கேட்டால் நடக்காது. அப்படியே கழிப்பறை எங்கே, பூட்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்த பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

ஒப்பந்த வேலை என்றால் சம்பளம் எந்தத் தேதியில் வரும், தாமதமானால் யாரைக் கேட்பது, பஸ் செலவு கிடைக்குமா என்பதை முதல் நாளே உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பதவிப் பெயரையும் தெளிவாக்குங்கள். 1992-ன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்யலாம். எம்.எஸ்சி. உளவியல் மட்டும் முடித்து வந்தவரை ஊர் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடும். அந்த மரியாதையை நம்பி, தகுதிக்கு மீறிய சான்றிதழில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்கிறவர்களும் வருவார்கள். எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் 'முடியாது' என்று சொல்ல அவருக்கு ஒரு தாள் இருக்கும்.

முதல் மூன்று வாரம்

இந்த மூன்று வாரமும் அவர் தனியாக யாரையும் பார்க்க வேண்டாம். நம் பக்கத்தில் உட்கார்ந்து வரலாறு எழுதட்டும். மீதி நேரத்தில் ஊரைப் பார்க்கட்டும். நான் கூட்டிப் போகும் இடங்கள்: அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பிரசவ வார்டு, விஷம் குடித்தவர்களைச் சேர்க்கும் வார்டு, ஓர் அங்கன்வாடி, உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை, பாம்பன் பக்கம் மீன் இறங்கும் இடம், மனநோய் தீர வேண்டி ஆட்களைக் கூட்டி வரும் ஏர்வாடி தர்கா.

உரக்கடைக்கு ஏன் என்று கேட்பார்கள். எந்தப் பாட்டில் என்ன விலை, எவ்வளவு சின்ன அளவில் கிடைக்கிறது, வாங்கிப் போகிறவர் வீட்டில் எங்கே வைப்பார் என்று தெரியாமல் தற்கொலைத் தடுப்பு பேச முடியாது. எங்கள் ஊர் வீடுகளில் அது பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ இருக்கும். தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பை 1986-ல் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கச் செய்து பார்த்தது. பொதுப் பெட்டி இல்லாத ஊரில் அதே யோசனையைக் குடும்பத்தோடு பேசலாம்: 'இந்த ரெண்டு மாசத்துக்கு அந்தப் பாட்டிலை உங்க மச்சான் வீட்டுல வச்சுப் பூட்டுங்க.' கடையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை இதைச் சொல்லும்போது குரலில் நிச்சயம் இருக்கும்.

மூன்று வாரம் முடிந்த பிறகு அவர் பேசட்டும், நாம் மூலையில் வாய் திறக்காமல் இருப்போம். வாய் திறக்காமல் இருப்பது நமக்குத்தான் கஷ்டம், பழகிக்கொள்ள வேண்டும். இரண்டாவது மாத முடிவிலிருந்து அவர் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம், ஆனால் நாம் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். வெளியூர் முகாமுக்குத் தனியாக அனுப்புவதை நாலு மாதத்துக்கு முன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆள் பற்றாக்குறை என்று மேலிடத்திலிருந்து அழுத்தம் வரும். அதைத் தாங்குவதற்குத்தான் மூத்தவர். முதல் ஆறு மாதம் ஒரு நாளைக்குப் புதிதாக வருகிறவர் நாலு பேர், தொடர்ந்து வருகிறவர் ஆறு பேர், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு.

சொல் நோட்டு

இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு. வருகிறவர்கள் தங்கள் கஷ்டத்தை எந்தச் சொல்லில் சொல்கிறார்களோ அந்தச் சொல்லை மட்டும், பெயர் ஊர் எதுவும் இல்லாமல், அன்றன்றைக்கு எழுதச் சொல்லுங்கள். மனச்சோர்வு, பதற்றம் என்ற சொற்களை ஓ.பி.க்கு வருகிறவர் சொல்வதே இல்லை. "நெஞ்சு அடைக்குது", "ஒரு மாதிரியா வருது", "கெறக்கமா இருக்கு", "உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது", "சோறு எறங்கல", "நரம்புத் தளர்ச்சி", "யாரோ வச்சுட்டாங்க". ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன இருக்கலாம் என்று வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவோம். நெஞ்சு அடைப்பது இதயமாகவும் இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுக்காமல் அதை மனசு என்று முடிவு கட்டக் கூடாது என்பதும் அந்தப் பேச்சில்தான் பதியும்.

மண்டபம் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிற இலங்கைத் தமிழர்களுக்கு நோட்டில் தனிப் பக்கம். 'ஏலாது' என்றால் முடியாது. 'விசர்' என்றால் பைத்தியம். "எனக்கு விசர் பிடிச்சிருமோ எண்டு பயமா இருக்கு" என்று ஒரு தாய் சொன்னால் அது எவ்வளவு பெரிய பயம் என்று இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வித்தாள்களையும் இப்படித்தான் பழக்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 எல்லா இடத்திலும் பயன்படுகிறது: ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தது என்று கேட்கும். எங்கள் பக்கம் 'இரண்டு வாரம்' என்று கேட்டால் பதில் தடுமாறும். "போன அமாவாசையிலிருந்து இப்ப வரைக்கும்" என்று, அன்றைய தேதிக்குப் பொருந்துகிறபடி கேட்டால் கடலுக்குப் போகிறவரும் காட்டுக்குப் போகிறவரும் துல்லியமாகச் சொல்வார்கள். 'ஆர்வமின்மை' என்பதை "வழக்கமா செய்யுற வேலையில மனசு ஒட்டுதா?" என்று விளக்கலாம். கேள்வியின் பொருள் மாறக் கூடாது, அதைச் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. புதியவர்கள் அதைக் கேட்கத் தயங்குவார்கள். குரலை இறக்குவார்கள், வேகமாகக் கடப்பார்கள், 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?' என்று பதிலையும் தாங்களே கொடுத்துவிடுவார்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். கேட்பதால் எண்ணம் வராது, கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு பெருமூச்சு விடுவார். இதை நான் நடித்துக் காட்டிப் பழக்குகிறேன். நான் கமுதி அம்மாவாக உட்காருவேன், அவர் கேட்க வேண்டும்: "இந்த மாதிரி கஷ்டத்துல சில பேருக்குச் செத்துப் போயிடலாம்னு தோணும். உங்களுக்குத் தோணுச்சாம்மா?" சரளமாக வரும்வரை பத்துத் தடவை. அப்புறம் அடுத்த கேள்விகள்: எப்போது, எப்படி என்று யோசித்தீர்களா, அந்தப் பொருள் வீட்டில் இருக்கிறதா, இன்று ராத்திரி கூட யார் இருப்பார்கள்.

விஷம் குடித்தவர் வார்டில் குடும்பம் பெரும்பாலும் 'தவறுதலா குடிச்சிட்டா' என்றுதான் சொல்லும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குத் தண்டனை கூடாது என்கிறது. இதை எளிய பேச்சில் குடும்பத்துக்குச் சொல்ல அவருக்குத் தெரிய வேண்டும். சொன்ன பிறகுதான் உண்மையான கதை தொடங்கும்.

கையில் ஒரு சின்னச் சீட்டும் இருக்கட்டும்: மனநல உதவிக்கு 14416 (டெலி மானஸ், நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு'), மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. அடுத்த முகாம் வரும்வரை இடையில் இருக்கிற நாட்களுக்கு அந்தக் குடும்பத்துக்கு இந்த எண்கள்தான் துணை.

ஊரின் காலண்டர்

எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, குடி கூடும், அடிபட்ட பெண்கள் தலைவலி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அதே நாட்களுக்குள் மே மாதம் பிளஸ் டூ முடிவும் வரும். படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவரின் வீட்டில் தூக்கமில்லாத மனைவியும் பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளையும் இருப்பார்கள். வளைகுடாவிலிருந்து கணவன் லீவில் வருகிற மாதம் ஒரு வகைக் கஷ்டம், திரும்பிப் போன மாதம் வேறு வகை. முண்டு மிளகாய் விலை விழுந்தால் கடன்காரர் வாசலில் நிற்பார். புதியவர் வந்த உடனே இந்தக் காலண்டரை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு வேறு காலண்டர் இருக்கும். கைத்தறி ஊருக்கு ஒன்று, பட்டாசு ஊருக்கு ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் அவருக்கு நீண்ட விடுப்பு கொடுக்க முடியாது என்றால் மார்ச்சிலேயே ஒரு வாரம் கொடுத்து அனுப்புங்கள்.

சனிக்கிழமை ஒரு மணி நேரம்

சூப்பர்விஷன் என்று படிப்பில் சொல்வதை நாங்கள் 'சனிக்கிழமை' என்போம். சனிக்கிழமை நாலு மணி. யார் வந்தாலும், என்ன கூட்டம் இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் மாறாது. நேரில் முடியாத வாரம் போனில்.

முதல் பத்து நிமிடம் ஆபத்தில் இருப்பவர்களின் பட்டியல்: இந்த வாரம் யாரை நினைத்துத் தூக்கம் கெட்டது, யார் வர வேண்டிய தேதியில் வரவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேஸ், முழுதாக. 'ஒரு டிப்ரஷன் கேஸ் மேடம், கவுன்சிலிங் கொடுத்தேன்' என்று தொடங்குவார். நான் அங்கேயே நிறுத்துவேன். அவர் உள்ளே வந்து எங்கே உட்கார்ந்தார், கூட யார் வந்தார்கள், முதலில் சொன்ன வாக்கியம் என்ன, நீ என்ன கேட்டாய், அதற்கு அவர் முகம் எப்படிப் போனது என்று கேட்பேன். சொல்லுக்குச் சொல் நினைவுபடுத்திச் சொல்லும்போதே அவருக்குத் தான் விட்ட இடம் தெரிந்துவிடும். "ஐயோ, புருஷன் பக்கத்துல இருந்தப்பவே அதைக் கேட்டுட்டேன்" என்று தானாகச் சொல்வார். நாம் சொல்லித் திருத்துவதைவிட இது ஆழமாகப் பதியும்.

அட்வைஸ் செய்யும் பழக்கத்தையும் இந்த மணி நேரத்தில்தான் பிடிக்க முடியும். நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் புத்தி சொல்வது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள், குடும்பம் அதைத்தான் எதிர்பார்த்துக் கூட்டி வருகிறது. "நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க டாக்டர்" என்பார்கள். இளையவர் அந்த எதிர்பார்ப்புக்குப் பணிந்துவிடுவார். அவரைக் குறை சொல்லாதீர்கள். புத்தி சொன்னபோது எதிரில் இருந்தவர் என்ன செய்தார் என்று மட்டும் கேளுங்கள். தலையாட்டினார் என்பார். அடுத்த முறை வந்தாரா என்று கேளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் அவருக்கு. சாப்பிடுகிறாரா, வீட்டோடு பேசுகிறாரா, இந்த வாரம் எதைக் கேட்டபோது வயிறு பிசைந்தது. இந்தப் பத்து நிமிடத்தை வேலையின் பகுதியாக நடத்துங்கள். தனிப்பட்ட பலவீனத்தை விசாரிப்பதுபோல் கேட்டால் "நல்லா இருக்கேன் மேடம்" என்ற பதில்தான் வரும். ஒன்று கண்டிப்பு: கேஸ் ஷீட்டைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பக் கூடாது, எனக்குக்கூட. 2017 சட்டத்தின் 23-ஆவது பிரிவு ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமை என்கிறது. போனில் பேசினால் பெயரும் ஊரும் இல்லாமல் பேசலாம்.

சான்றிதழ் முகாம் நாள்

இங்கே அழுத்தம் அதிகம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக, அறிவுசார் குறைபாட்டை மதிப்பிடக் காலையிலிருந்து தாய்மார் பிள்ளைகளோடு காத்திருப்பார்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள். அறிவுத்திறனை அளக்கும் பினே காமத் சோதனையை ஒழுங்காகச் செய்ய ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும், வரிசையோ முடிவில்லாமல் நிற்கும். ஒரு முகாமில் என்னோடு இருந்த தம்பி பசியில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைக்கு ஓர் எண்ணை எழுதிவிட்டு, ராத்திரி முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தான்.

அதற்கு நான் கண்ட வழி இது. முன்கூட்டியே தேதி பிரித்துக் கொடுக்கச் சொல்லி முகாம் நடத்துபவரிடம் மூத்தவர் பேசுவது. பிள்ளை களைத்திருந்தால் 'இன்று மதிப்பிட முடியவில்லை, மீண்டும் வரவும்' என்று எழுத இளையவருக்கு அனுமதி இருப்பது, திரும்பி வர பஸ் காசு இல்லாத தாய்க்கு அதற்கு ஏற்பாடு செய்வது. பிள்ளை அன்றாட வேலைகளைத் தானே செய்கிறதா என்று பார்க்கும் வைன்லாண்ட் அளவுகோலுக்குத் தாயிடம் கேட்கும்போது அவர் பிள்ளையின் திறமையைக் குறைத்துச் சொன்னால் அதைப் பொய் என்று கோபப்படாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பது. அந்தத் தாய் உதவித்தொகைக்காகப் பேசுகிறார். அந்தப் பணம் அந்த வீட்டுக்குத் தேவை. 'சட்டையைத் தானே போடுவானா?' என்று கேட்பதைவிட, ஒரு சட்டையைக் கொடுத்துப் போடச் சொல்லிப் பார்த்தால் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

தர்காவும் கோயிலும்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன். நான் இந்த மாவட்டத்துக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். புதியவர்களை அங்கே கூட்டிப் போய் இந்த வரலாற்றைச் சொல்கிறேன். எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-ஆவது பிரிவு சொல்வதன் பின்னால் என்ன வலி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அதைக் கேட்டுவிட்டு அவர்கள் எல்லா வழிபாட்டிடங்களையும் எதிரியாகப் பார்க்கத் தொடங்குவதும் உண்டு. அப்போது வேறொன்றைச் சொல்வேன். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் மனநோய் தீர வேண்டி வந்து தங்கிய 31 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சராசரியாக ஆறு வாரம் அங்கே தங்கியவர்களுக்கு அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அடிக்காமல், கட்டாமல், குடும்பம் கூட இருக்க, செய்ய ஒரு வேலையும் இருக்கிற இடம் மனிதருக்கு நல்லது செய்கிறது. ஆகவே தர்காவுக்குப் போய்விட்டு வந்தேன் என்று ஒருவர் சொன்னால் முகம் மாறக் கூடாது. "ஓதிக்கிட்டு வாங்க, மாத்திரையையும் விடாம போடுங்க" என்று சொல்லலாம். சங்கிலியையோ அடியையோ கண்டால் மட்டும் அந்த இடத்திலேயே நமக்குத் தகவல் சொல்ல வேண்டும், தனியாகப் போய் மோதக் கூடாது.

எல்லோரும் தெரிந்தவர்

சின்ன ஊரில் நம்மைப் பார்க்க வருகிறவர்தான் காய்கறிக் கடைக்காரர், வீட்டுக்காரரின் மருமகள், பஸ் கண்டக்டர். நகரத்தில் படித்த ஒழுக்க விதிகள் இதற்கு நேராகப் பொருந்தாது. முதல் சந்திப்பிலேயே ஒன்றைச் சொல்லச் சொல்கிறேன்: "வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசினா நானும் பேசுவேன்." கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார நேரும்போது இந்த ஒரு வாக்கியம் இரண்டு பேரையும் காப்பாற்றும்.

மீன் கொண்டுவருவார்கள், நுங்கு கொண்டுவருவார்கள். திருப்பிக் கொடுத்தால் அவமானப்பட்டுவிடுவார்கள். தின்கிற பொருள் என்றால் வாங்கிக்கொண்டு அவர் கண் முன்னாலேயே எல்லோருக்கும் பங்கு வைக்கலாம். பணம், துணி, நகை எதுவானாலும் கூடாது. சாதி கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும், சொல்லச் சொல்லியோ மறைக்கச் சொல்லியோ நாம் வற்புறுத்தக் கூடாது. ஆனால் சொன்னதால் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டால் அதைச் சனிக்கிழமை பேச வேண்டும்.

ரகசியம் காக்க முடியாத ஓர் இடத்தையும் முன்பே பழக்கிவிடுங்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ன் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும். குற்றம் செய்தவர் ஊரில் பெரிய மனிதராக இருப்பார், குடும்பமே காலில் விழும். அந்த முதல் முறை இளையவர் தனியாகக் காவல் நிலையம் போகக் கூடாது. நான் கூடப் போவேன், என் பெயரும் தாளில் இருக்கும்.

ஓர் இறப்பு நடந்தால்

முன்பு நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தபோது, ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம் அவள் பார்த்து வந்த ஒரு கல்லூரி மாணவன் தூக்குப் போட்டுக்கொண்டான். மறுநாள் காலை அங்கே நடந்தது ஒன்றுதான்: கேஸ் ஷீட்டை எடுத்து வரச் சொன்னார்கள். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வேலை அதிகம் என்று இரண்டு நாள் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இன்று அவள் உளவியல் வேலையிலேயே இல்லை. அந்த இரண்டு நாளுக்கு நான் பொறுப்பு.

இப்போது செய்வது இது. செய்தி வந்த அன்றே, எந்த ஊரில் இருந்தாலும், நேரில் போகிறேன். முதலில் சாப்பிட வைக்கிறேன். தாளைத் திறப்பதில்லை. நடந்ததை அவர் எத்தனை முறை சொன்னாலும் கேட்கிறேன். 'நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாமோ' என்று வரும். 'உன் மேல் தப்பே இல்லை' என்று அவசரமாக மூடாதீர்கள், அவர் நம்ப மாட்டார். சில வாரம் கழித்து அவரே தயாரானதும் சேர்ந்து உட்கார்ந்து கேஸை முதலிலிருந்து பாருங்கள், கற்க வேண்டியது இருந்தால் அதைச் சொல்லுங்கள். துக்கத்துக்குப் போக விரும்பினால், அந்தக் குடும்பமும் விரும்பினால், கூடப் போங்கள். ராத்திரி தனி அறையில் விடாதீர்கள், எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். அடுத்த ஓ.பி.யில் அவர் பக்கத்தில் உட்காருகிறேன், ஏனென்றால் அன்று அவர் முன்னால் உட்காரும் ஒவ்வொருவரும் அவருக்கு அந்தப் பையனாகத் தெரிவார்கள். பதினாறாம் நாள், நாற்பதாம் நாள், வருடம் திரும்பும் நாள் மூன்றையும் என் டைரியில் குறித்து வைக்கிறேன். அன்று போன் பண்ணுகிறேன்.

பன்னிரண்டாவது மாதம்

அக்கம்பக்கத்து மாவட்டங்களில் இதே வேலையில் இருக்கும் நாலைந்து இளையவர்களை மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார வையுங்கள். சிவகங்கை, விருதுநகர், புதுக்கோட்டை, தூத்துக்குடி எதுவும் எங்களுக்குத் தூரமில்லை. அந்தக் கூட்டத்தில் மூத்தவர்கள் இருக்க வேண்டாம். நம் முன்னால் சொல்லாததைத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், நம்மைப் பற்றியும் பேசுவார்கள், பேசட்டும்.

வருடம் முடியும்போது அவருக்கு நான் பரீட்சை வைப்பதில்லை. அடுத்து வரும் ஆளுக்கு உரக்கடையைக் காட்டப் போகிறவர் அவர்தான், சொல் நோட்டும் அவர் கையிலிருந்துதான் போகும். எங்களிடம் இப்போது நடப்பது மூன்றாவது நோட்டு. 'மருந்து குடித்தேன்' முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பெண்ணின் கையெழுத்தில். அவள் இப்போது பரமக்குடியில் இரண்டு பேரைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள்.